சீருடைக்குள் இருப்பவர்

பிரிட்டன் போலீஸில் பேகன்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது என்றதும் சிரிப்பு வரலாம். கிறிஸ்துவத்துக்கு முந்திய இயற்கை வழிபாட்டை இன்று மீட்டெடுத்துப் பின்பற்றுபவர்கள் அவர்கள். 2010-இல் அங்குள்ள பத்திரிகைகளும் சிரித்தன: ஹாலோவீனுக்கு லீவு போடும் போலீஸாம்!

அவர்களுக்குக் கூடுதலாக ஒரு நாளும் கிடைக்கவில்லை. தங்கள் ஆண்டு விடுப்பிலிருந்தே எட்டுப் பண்டிகைகளுக்கு எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். கிறிஸ்துமஸை யாரும் கேட்டு வாங்க வேண்டியதில்லை; நாட்காட்டியே கொடுத்துவிடுகிறது. நடுநிலை என்று நாம் நினைப்பது பல நேரம் பெரும்பான்மையின் பழக்கம்தான்.

சரி, எல்லாரையும் சமமாக நடத்த வேண்டியவருக்கு மதச் சங்கம் எதுக்கு? நியாயமான கேள்வி. ஆனால் சீருடை கேட்பது பாரபட்சமில்லாத நடத்தையை. நம்பிக்கையே இல்லாத மனசை அது கேட்பதில்லை. விபத்தில் சிதைந்த உடலைத் தூக்கிவிட்டு வீடு திரும்புகிறவர் அந்தச் சாவை எங்கேயாவது இறக்கி வைக்கணும். காவல்துறையில் ஆறுதல் சொல்ல வரும் மதகுருக்கள் பெரும்பாலும் கிறிஸ்துவர்கள். கேலிக்குப் பயந்த பேகன் வாயைத் திறக்க மாட்டார். சங்கத்தில் அவருக்குக் கிடைப்பது, முதலிலிருந்து விளக்கம் சொல்லாமலே பேச முடிகிற இன்னொருத்தர்.

தன் நம்பிக்கையை ஒளித்துவைத்து வேலை பார்க்கிறவரைத்தான் அடுத்தவர் வழிபாட்டிடத்துக்குக் காவலாக அனுப்புகிறோம். அவருக்கு மட்டும் அந்தக் காவல் வேண்டாமா?