கொடாத நீரைக் கொள்ளோம்



வந்தவாசி, ஆரணி, திண்டிவனப் பகுதிச் சிற்றூர்களை விட்டு, கல்வியும் பணியும் கருதிச் சென்னை வந்தோர் நம்முள் பலர். யாமும் அவ்வாறே குமணன்சாவடியில் குடியேறினோம். செம்பரம்பாக்கம் ஏரி அண்மையில் இருக்க, நீருக்கு ஏது குறை என்று எண்ணினோம்.

2019ஆம் ஆண்டுக் கோடையில் அவ்வேரி வறண்டது. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு இரயிலில் குடிநீர் வந்தது. அந்நாளில் எம் இல்லத்து ஆழ்துளைக் கிணற்றை மேலும் ஆழப்படுத்தினோம். நீர் பெருகிற்று. அதனைத் துணியில் வடிகட்டிப் பருகி, அகிம்சை காத்தோம் என்று மகிழ்ந்தோம். சில நாள்களில் அடுத்த வீட்டு அம்மையார் வெறுங்குடத்துடன் வந்து, தம் கிணறு வற்றியதைக் கூறினார். குடத்தை நிறைத்துக் கொடுத்தோம். ஆயினும் உள்ளம் நாணிற்று.

கொடாததைக் கொள்ளுதல் களவு என்பது ஜினதர்மம். நிலத்தடி நீருக்கு வேலி உண்டோ? நீரையே உடம்பாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உண்டென்பதும் நம் ஆகமம். ஆதலின் வடிகட்டுதல் பாதி அறமே. வேண்டுமளவே கொள்ளுதல் மறுபாதி. பயனின்றி நீரைச் சிந்துதலையும் அநர்த்த தண்டம் என ஆசாரியர் விலக்கினர்.

பொன்னுக்கும் நிலத்துக்கும் வரையறை செய்யும் இல்லறத்தார், நீருக்கும் குடக்கணக்கில் வரையறை செய்க. தமிழகத்தில் 2003 முதல் கட்டாயமான மழைநீர்ச் சேகரிப்பு அமைப்பை, பருவமழைக்கு முன்பே தூய்மை செய்க. நகருக்குப் புதிதாய் வரும் நம் பிள்ளைகள் வீடு தேடுங்கால், அறைகள் எத்தனை என வினவுமுன், மழைநீர் எங்கே இறங்குகிறது என வினவுக.

அறம் வளர்க!