வீட்டாள் வேலைக்குக் கூலி உண்டா?

மாத்தளையில் உக்குவளை, றத்தோட்டைப் பக்கத்து வீட்டுக் காணிகளில் கொக்கோ தனித்து நிற்பதில்லை. மிளகுக் கொடி, கராம்பு, சாதிக்காய், பாக்கு என்று எல்லாவற்றுக்கும் இடையே நிழலில் நிற்கும். வெளியாள் வேண்டாம், வீட்டார் கைகளே போதும் என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் பெருமை. வரவு செலவு பார்க்கும்போது கன்று, பசளை, மருந்து எல்லாம் எழுதப்படும்; வீட்டாள் வேலை எழுதப்படாது. அப்படி விடுவது நியாயமா?

அந்த வேலை லேசானதல்ல. காயை உடைத்து, வெள்ளைச் சதையோடு கொட்டையை வழித்தெடுக்க வேண்டும்; ஒரு காயில் 30, 40 கொட்டை இருக்கும். வாழையிலையில் குவித்து மூடி 5, 6 நாள் புளிக்கவிட்டு, இடையிடையே புரட்ட வேண்டும். குவியல் கை சுடும் அளவுக்குச் சூடேறும், காடி நெடி மூக்கைத் துளைக்கும். பிறகு ஒரு வாரம் வெயில். மழை இருட்டினால் ஓடிப்போய் அள்ள வேண்டும். ஓடுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். 100 கிலோ ஈரக்கொட்டை காய்ந்த பின் 40 கிலோ தேறினால் பெரிது. இந்தப் பக்குவம் தவறினால் சொக்லேட்டின் மணமே வராது. ஆக, விற்கும் பொருளின் தரமே கூலி பெறாத கைகளில்தான் இருக்கிறது.

குடும்பத்துக்குள் கூலி பேசுவதா என்று கேட்பார்கள். தாய் சோறு போட்டுவிட்டுக் காசு கேட்பாளா? ஆனால் சோறு வீட்டுக்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது, கொக்கோ மூட்டையாகிக் கடைக்குப் போகிறது. 2024 டிசம்பரில் உலகச் சந்தையில் ஒரு தொன் 12,000 டொலரைத் தாண்டியது. அந்தப் பணம் வீட்டுக்கு வந்தால் யார் மடியில் ஏறுகிறது என்று கேட்பதில் பிழையில்லை.

‘குடும்பம்’ என்ற பெயர் எதையும் மறைத்துவிடும். கானாவிலும் ஐவரி கோஸ்ட்டிலும் கொக்கோ வேலையில் ஈடுபட்ட சிறுவர்கள் சுமார் 15.6 இலட்சம் என்று சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோர்க் நிறுவனத்தின் ஆய்வு 2020இல் சொன்னது. அவர்களில் மிகப் பலர் வேலை செய்தது சொந்தக் குடும்பத்தின் காணியில். பள்ளி விட்டு வந்து கொட்டை பிரிக்கும் மாத்தளைப் பிள்ளையை அவர்களோடு சேர்ப்பது அநியாயம். மாட்டேன் என்று சொல்ல முடியுமா, விற்ற காசைக் கண்ணால் காண்கிறாரா என்பவைதான் உதவியையும் சுரண்டலையும் பிரிக்கும் கோடு. இது பிள்ளைக்கும் பொருந்தும், மனைவிக்கும் பொருந்தும்.

கூலியில் மட்டுமல்ல, காணி விடயத்திலும் பெண்ணுக்கு இலங்கைச் சட்டமே நீண்டகாலம் ஓரவஞ்சனை செய்தது. 1935 காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட காணியில், வாரிசு நியமிக்கப்படாவிட்டால் மகளுக்கு முன் மகன் வந்தான். 2022இல்தான் அது திருத்தப்பட்டது.

வீட்டாள் கூலியையும் எழுதினால் கொக்கோ நட்டம் காட்டலாம். காட்டட்டும். அப்போது மிளகை மட்டும் வைத்துக்கொள்வதா என்று கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசலாம். மிளகென்றால் புளிக்கவைத்துப் புரட்டும் வேலையாவது மிச்சம்.