புகையின் பங்கீடு

கலிபோர்ணியாவின் ஒக்லண்ட் நகரப் பாடசாலை நிர்வாகம் 2024ஆம் ஆண்டில் தனது மாணவர் போக்குவரத்தை முற்றாக மின்சார பஸ்களுக்கு மாற்றியது. 74 வண்டிகள், அவற்றிற் செல்வோர் பெரும்பாலும் விசேட கல்வித் தேவையுடைய பிள்ளைகள். டீசற் புகை புற்றுநோயை விளைவிப்பதென உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2012இல் அறுதியிட்டது. பழைய வண்டிகளில் அப்புகை உள்ளேயும் புகுந்து பிள்ளைகளின் சுவாசத்திற் கலந்தது. ஆகவே இம்மாற்றத்தை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால், வண்டியை விட்டிறங்கும் பிள்ளை எந்தக் காற்றைச் சுவாசிக்கிறது?

அந்நகரை ஊடறுத்து இரு பெருந்தெருக்கள் செல்கின்றன. குன்றுப்புறத்து வசதி படைத்தோரின் குடியிருப்புகளை அண்டிய 580ஆம் இலக்கத் தெருவிற் கனரக லொறிகளுக்குப் பல தசாப்தங்களாகத் தடையுண்டு. எனவே அவை 880ஆம் இலக்கத் தெருவால் ஓடுகின்றன. அதன் இருமருங்கும் உழைப்பாளரும், கறுப்பின மக்களும், லத்தீன் அமெரிக்க வழிவந்தோரும் செறிந்து வாழ்கின்றனர். புகைக்கு வழிகாட்டியது காற்றன்று, சட்டமே!

தூய காற்று பிள்ளையின் உரிமையென ஒப்புக்கொண்டோமாயின், அவ்வுரிமை பஸ்ஸின் கதவோடு முடிந்துவிடுமா? பஸ் வாங்கப் பணமிருந்தாற் போதும். தடையை நீக்கவோ, மேட்டுக் குடியினரின் சம்மதம் வேண்டும். அது பணத்தினும் அரிதாயிருக்கிறது. நாளை லொறிகளும் மின்சாரத்தில் ஓடும் என்பர். ஓடட்டும். அதுவரை அப்புகையைச் சுவாசிக்க வேண்டியோர் இவர்கள்தாமென எந்த நியாயத்தாற் தீர்ப்பது?