தழும்பு

மலைச்சாரலிலுள்ள எங்கள் சிற்றாலயத்தின் சுவரில், மழைக்காலத்து இரவொன்றில், இரு உள்ளங்கைகளைச் சேர்த்து விரித்த அளவில் ஓர் அந்துப்பூச்சி அமர்ந்திருந்தது. செம்பழுப்பு நிறம்; ஒவ்வொரு சிறகிலும் ஒளி ஊடுருவும் முக்கோணச் சாளரம்; முன்சிறகின் நுனியில் பாம்புத் தலையை ஒத்த வளைவு. 'அட்லஸ்' என்றே எண்ணினேன். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது அதன் நெருங்கிய உறவினமான 'அட்டாகஸ் தப்ரோபானிஸ்' என்பதையும், ஃபிரடெரிக் மூர் 1883இல் அதற்குப் பெயரிட்டார் என்பதையும் பின்னர் நூல்களில் கண்டேன். அவற்றைப் புரட்டுகையில்தான் என் பழைய பிழையொன்றும் தெரிந்தது.

முன்பொரு முறை, இளம் வயதில் இறந்த ஒருவரின் அடக்கத் திருப்பலியில், புழு மடிகிறது, கூடு கல்லறையாகிறது, முற்றிலும் புதியதோர் உயிர் சிறகடித்து வருகிறது என்று மறையுரை ஆற்றியிருந்தேன். மறையுரையாளர் பலரும் கையாளும் உவமைதான். இறுதியில் அவருடைய தாய் கேட்டார்: "பழசெல்லாம் போயிடும்னா, அங்கே என் பிள்ளைக்கு என்னை அடையாளம் தெரியுமா, சாமி?" நான் விடையின்றி நின்றேன்.

புழு மடிவதில்லை. இலைகளைத் தின்று கொழுத்து, இலையோடு இலையாகப் பட்டுக்கூடு பின்னி அடங்குகிறது. உள்ளே தசையும் குடலும் பெரும்பாலும் சிதைந்து மறுவடிவம் பெறுகின்றன; ஆனால், சிறகாகவிருக்கும் உயிரணுத் திரள்கள் புழுவின் உடலில் முன்னரே இருந்தவை. வெளிவரும் பூச்சிக்கு உண்ணும் வாய் இல்லை. புழுவாய் இருந்தபோது சேர்த்த கொழுப்பைக் கொண்டே சில நாட்கள் வாழ்ந்து, இணைதேடி, முட்டையிட்டு மடிகிறது.

2008இல் அமெரிக்க ஆய்வாளர் மூவர், புகையிலைச் செடியைத் தின்னும் வேறோர் அந்துப்பூச்சியின் புழுக்களுக்கு ஒரு மணத்தோடு மின்னதிர்ச்சியும் கொடுத்துப் பழக்கினர். முதிர்ந்த பருவத்தில் பழக்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை, சிறகு பெற்ற பின்னும் அம்மணத்தை விட்டு விலகின. (வதைத்துப் பெற்ற இவ்வறிவு என்னை உறுத்தாமலில்லை.)

ஒரு பூச்சி உயிர்ப்புக்குச் சான்றாகாது. ஆயினும், ஆறுதலுக்காகச் சொன்னதுதானே என்று என் பிழையை விட்டுவிட இயலவில்லை. உயிர்த்த ஆண்டவரைத் தோட்டக்காரர் என்றெண்ணிய மகதலா மரியா, அவர் தம் பெயர் சொல்லி அழைத்தபோதே அறிந்துகொண்டார். தோமாவுக்கோ காயங்கள் காட்டப்பட்டன. என் உவமையில் அக்காயங்களுக்கு இடமே இல்லை.

அண்மையில் அத்தாயின் இல்லம் சென்று, அன்று நான் சொன்னது தவறு என்றேன். அவர் நெடுநேரம் பேசினார். ஐந்து வயதில் திண்ணையிலிருந்து விழுந்த மகனின் நெற்றியிலிருந்த தழும்பைப் பற்றி.