மாக்கோழியும் கைபேசித் துப்பாக்கியும்



சென்ற பொங்கல் விடுமுறையில் பெரம்பலூரில் உறவினர் இல்லத்தில் சில நாள் தங்க நேர்ந்தது. வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து உத்தியோகத்தின் பொருட்டு அங்கே குடியேறிய குடும்பம். ஜினாலயத்தைச் சுற்றி வீடுகள் அமைந்த ஊர்களில் வாழ்வோர் அறியாத தனிமை ஒன்று இத்தகைய குடும்பங்களுக்கு உண்டு. ஆயினும் பொழுது சாயுமுன் உண்பதும், வடிகட்டிய நீரைப் பருகுவதும், அட்டமி சதுர்த்தசி நோன்பும் அவ்வீட்டில் இன்றளவும் தவறியதில்லை. இதனை முதலிலேயே கூறிவிடுகிறோம். இனி வரும் செய்தியை அறம் அறியாத வீட்டுச் செய்தி என்று எவரும் கருதலாகாது.

ஒருநாட் காலை ரஞ்சன்குடிக் கோட்டையைக் காணச் சென்றோம். பெரம்பலூருக்கு வடக்கே, சென்னை நெடுஞ்சாலையை ஒட்டி, அகழியும் அரைவட்டக் கொத்தளங்களும் சூழ நிற்கும் கோட்டை அது. கர்நாடக நவாபு பதவிக்காகச் சந்தா சாகிபும் முகமது அலியும் மோதிக்கொண்ட காலத்தில், ஒருவருக்குப் பிரெஞ்சுக்காரரும் மற்றவருக்கு ஆங்கிலேயரும் துணைநிற்க, 1751-ஆம் ஆண்டில் அப்பகுதியில் போர் நிகழ்ந்தது. அவ்வரலாற்றை நாம் சொல்லிக்கொண்டிருக்க, பதினோராம் வகுப்பில் பயிலும் பேரன் கொத்தளத்தின் மேல் நின்று சாலையை உற்று நோக்கி, "எயிட் எக்ஸ் ஸ்கோப் போட்டு இங்கே உட்கார்ந்தால் ஒருத்தன் தப்ப முடியாது" என்றான். அரியலூரிலிருந்து வந்திருந்த அவன் சித்தப்பா மகன், "சப்ரஸர் இல்லாமல் சுட்டால் நீ இருக்கிற இடம் தெரிந்துவிடும்" என்று திருத்தினான். இருநூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் மாந்தர் மெய்யாகவே மடிந்த மண்ணில் நின்றுகொண்டு இளைஞர் இருவர் பேசிய பேச்சு இது. நமக்கு ஒன்றும் விளங்கவில்லை. கீழே இறங்கி, கோட்டை மதிலின் நிழலில் அமர்ந்து, விளக்கும்படி கேட்டோம். மிக்க ஆர்வத்துடன் விளக்கினார்கள்.

பப்ஜி என்று பிள்ளைகள் வழங்கும் ஆட்டம் அது. நூறுபேர் வானூர்தியிலிருந்து ஒரு தீவில் குதிக்கின்றனர். கிடைத்த படைக்கலத்தை எடுத்துக்கொண்டு ஒருவரையொருவர் சுட்டு, கடைசியில் எஞ்சுபவரே வெற்றியாளர். நம்மை வியப்பில் ஆழ்த்தியது சுடுதலன்று. துப்பாக்கியை அவர்கள் அணிசெய்யும் முறையேயாகும். எம் 416 என்னும் துப்பாக்கிக்கு ஐந்து இடங்களில் துணைக்கருவிகள் பொருத்தலாமாம். குழல்வாயில் ஒன்று: அது ஓசையை அடக்கும், அல்லது பின்னுதைப்பைக் குறைக்கும். அடியில் ஒரு கைப்பிடி. தோட்டாக் கூட்டுக்குப் பதிலாகப் பெரிய கூடு, முப்பது தோட்டா கொள்ளுமிடத்தில் நாற்பது. தோளிற் பதியும் கட்டை. மேலே குறிபார்க்கும் கண்ணாடி. எத்துப்பாக்கிக்கு எது பொருந்தும், எதற்கு எது ஆகாது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். பிரதிக்கிரமணம் சொல்லச் சொன்னால் இருவரும் இடையில் தடுமாறுவர் என்பது நாம் அறிந்ததே.

இன்னொன்றும் அறிந்தோம். இத்துணைக்கருவிகள் கொல்லப்பட்டவனிடமிருந்தும் கிடைக்கின்றன. சுடப்பட்டு வீழ்ந்தவன் ஒரு பெட்டியாகிவிடுகிறான். அப்பெட்டியைத் திறந்து அவன் உடைமைகளை எடுத்துக்கொள்ளவேண்டும். அதற்கும் மேலே, துப்பாக்கிக்கு உடை உண்டு, 'ஸ்கின்' என்கிறார்கள். காசு கொடுத்து வாங்கும் இவ்வுடையால் தோட்டாவின் வலிமை சிறிதும் கூடுவதில்லை. துப்பாக்கி பளபளக்கும், உயர்ந்த விலையுள்ள உடையானால், வீழ்ந்தவனின் பெட்டிகூட அதற்கேற்ற அழகிய வடிவம் கொள்ளும். பயன் இதுவே. கொலையின் நினைவுச்சின்னத்தை அலங்கரிக்கப் பணம்!

அன்றிரவு பேரனின் அன்னை நம்மிடம் கண்கலங்கினார். பொன்னூர் மலை யாத்திரைக்கென்று பாட்டி சேர்த்துத் தந்த தொகையில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாயை இவ்வுடைக்கே செலவிட்டுவிட்டான் பிள்ளை. "பணம் போனது போகட்டும் மாமா. காலடி ஓசை கேட்டால்கூடத் திரும்பிப் பார்க்கிற பார்வை மாறிவிட்டது" என்றார். பிள்ளை அருகில் நின்றான். தலை குனிந்தான், ஆனால் வாய் மூடவில்லை. "தாத்தா, பணம் எடுத்தது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே சாகிறவனுக்கு உயிர் இல்லையே? அவனே அடுத்த ஆட்டத்துக்கு வந்துவிடுகிறான். ஓர் உயிரும் சாகாதபோது எனக்கு வினை எங்கிருந்து வரும்?"

இக்கேள்வியை அதட்டி அடக்குவது எளிது. அவ்வாறு செய்யாதிருந்தோம். சாவகர் வீட்டுப் பிள்ளை கேட்கத் தகுந்த கேள்வியே கேட்டான்.

முதற்கண் அவன் பக்கத்து நியாயத்தை நோக்குவோம். போட்டியும் வெற்றி விருப்பமும் நம் புராணங்களுக்குப் புதியன அல்ல. பரதனும் பாகுபலியும் படைகளுடன் எதிர்நின்றபோது, வீணே சேனை மடிய வேண்டாவென்று அமைச்சர்கள் மன்றாடினர். பார்வைப்போர், நீர்ப்போர், மற்போர் என மூன்று போட்டிகள் வகுக்கப்பட்டன. உயிர்க்கொலை நிகழாமலிருக்க வகுத்த ஆட்டம் என்றே அவற்றைச் சொல்லலாம். மூன்றிலும் பாகுபலி வென்றார். அதுவரையில் குற்றமில்லை. தோற்ற பரதன் சக்கரப்படையை நினைந்து ஏவிய அக்கணத்திலேதான் குற்றம் நுழைந்தது. சக்கரம் பாகுபலியைக் கொன்றதா? இல்லை, வலம்வந்து நின்றுவிட்டது. ஓர் உயிரும் சாகவில்லை. எனினும் ஏவியவன் நெஞ்சில் நிகழவேண்டியது நிகழ்ந்துவிட்டது. அதனைக் கண்டே பாகுபலி அரசைத் துறந்தார். அவருக்குச் சிரவணபெளகுளத்தில் பேருருவம் எடுப்பித்த சாமுண்டராயர் கங்கநாட்டுப் படைத்தலைவர் என்பதையும் பேரனுக்குச் சொன்னோம். நாட்டைக் காக்க வாளெடுத்த இல்லறத்தானை நம் அறம் ஒதுக்கிவிடவில்லை. எதிர்த்து வருவோனைத் தடுக்கும் இம்சை வேறு. எண்ணித் துணிந்து செய்யும் சங்கற்ப இம்சை வேறு. தீவில் குதிக்கும் நூறுபேருள் எவரும் எந்நாட்டையும் காக்கவில்லை.

இனி, வினை எங்கிருந்து வரும் என்பதற்கு வருவோம். தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் வினை ஊற்றின் வாயில்களை எண்ணுகிறது. ஒரு செயலைச் செய்வதென்று துணிதல் சமரம்பம். அதற்குரிய சாதனங்களைத் திரட்டிப் பழகுதல் சமாரம்பம். செயலைத் தொடங்குதல் ஆரம்பம். இம்மூன்றும் மனம், சொல், உடல் என்னும் மூன்றாலும், தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என்னும் மூன்றாலும், கோபம், மானம், மாயை, லோபம் என்னும் நான்காலும் பெருகி நூற்றெட்டாகின்றன. ஜபமாலையின் நூற்றெட்டு மணிக்கு இதனையே பெரியோர் காரணம் காட்டுவர். துப்பாக்கிக்குத் துணைக்கருவி தேடி அலையும் அரைமணி நேரம் இவற்றுள் எங்கே நிற்கிறது என்று கேட்டோம். பிள்ளை சற்றே எண்ணிப் பார்த்து, "இரண்டாவது" என்றான். சமாரம்பம் என்ற சொல்லை அதன் பின்னர் அவன் மறக்கவில்லை.

அதே அத்தியாயத்தில் அடுத்த சூத்திரம் உயிரற்ற பொருள்களால் வரும் வினைவாயிலைக் கூறுகிறது. உண்டாக்குதல், வைத்தல், சேர்த்தல், செலுத்துதல் என்பன அவை. 'சேர்த்தல்' ஆவது சம்யோகம்; உணவுப் பொருள்களை ஒன்றோடொன்று சேர்த்தல் ஒருவகை, உபகரணங்களை ஒன்றோடொன்று சேர்த்தல் மற்றொரு வகை. கருவியோடு கருவியைப் பொருத்துவதைக்கூட ஒரு தனி வாயிலாகக் கண்டு எண்ணி வைத்த ஆசாரியரின் நுண்மையை என்னென்பது! இப்படியொரு ஆட்டம் வருமென்று அவர் எழுதவில்லை. கருவியைப் பொருத்தும் கை ஓய்ந்திருக்கும்போதும் மனம் ஓய்ந்திருப்பதில்லை என்பதை அறிந்து எழுதினார்.

"அது உண்மைக் கருவி பற்றியது, இது படம்தானே" என்றான் அரியலூர்ப் பிள்ளை. நல்ல வழக்கறிஞனாக வருவான். படத்திற்கும் விடை உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஆசாதரர் இயற்றிய சாகார தர்மாமிருதம், வேட்டையைத் துறந்தவன் துணியிலும் நாணயத்திலும் சுவடியிலும் தீட்டப்பட்ட உயிர்களின் உருவத்தைச் சிதைக்கலாகாது என்று விதிக்கிறது. நாணயத்தில் பொறித்த மானுக்கு உயிரில்லை என்பதை ஆசாதரர் அறியாதவரா? சிதைக்கும் கைக்கு உரியவன் உயிருள்ளவன் என்பதே அங்கே நோக்கம்.

ஆயினும் நூல்விதியினும் கதை நெஞ்சில் நிற்கும். நம் ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றாகிய யசோதர காவியத்தை வீட்டில் வைத்திருப்போர் பலர். பிள்ளைகளுக்குச் சொல்வோர் சிலரே. அவந்தி நாட்டு மன்னன் யசோதரன் தன் மனைவியின் ஒழுக்கக்கேட்டைக் கண்டு உள்ளம் நொந்து, அதனை ஒரு கனவாக மறைத்துத் தாய் சந்திரமதியிடம் கூறினான். தீக்கனவுக்குப் பரிகாரமாகத் தேவிக்குப் பலியிடு என்றாள் தாய். உயிர்ப்பலிக்கு அவன் இசையவில்லை. அப்படியாயின் மாவினால் ஒரு கோழி செய்து பலியிடு என்றாள். தாய் சொல்லைத் தட்ட மாட்டாமல் மாக்கோழியை வெட்டினான். குருதியில்லை, உயிரில்லை, அரிசிமா மட்டுமே. ஆனால் வாளை ஓங்கியபோது அவன் எண்ணத்தில் இருந்தது கோழி, மாவன்று. அந்த எண்ணத்தின் பயனாகத் தாயும் மகனும் மயிலும் நாயுமாய், மீனும் முதலையுமாய், ஆடும் எருமையுமாய்ப் பிறந்து பிறந்து வதையுண்டனர்.

இக்கதையில் நாம் பிள்ளைகளுக்கு விரித்துரைத்தது மற்றோர் இடம். அவ்விருவரும் இறுதியில் இரண்டு கோழிகளாகப் பிறந்து, ஒரு முனிவரின் அறவுரை கேட்டு, மகிழ்ந்து கூவினர். சோலையில் தேவியோடிருந்த மன்னன் யசோமதிக்கு அக்கூவல் கேட்டது. ஓசை வந்த திசையை மட்டும் கொண்டு குறி தப்பாது எய்யும் சத்தவேதி வித்தை அவனுக்குக் கைவந்தது. அதைத் தேவிக்குக் காட்டவேண்டி ஓர் அம்பு விடுத்தான். இரண்டும் மாண்டன. அவை யார்? அவனைப் பெற்ற தந்தையும், தந்தையைப் பெற்ற பாட்டியும். அவனுக்குக் கோழிகள்மேல் கோபமில்லை, பகையில்லை, பசியுமில்லை. திறமையைக் காட்டினான், அவ்வளவே. நாம் இதைச் சொன்னபோது இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர். காலடி ஓசை கேட்டுத் திசையறிந்து சுடுவதே தங்கள் ஆட்டத்தில் பெருந்திறமை என்று பகலில் அவர்களே சொல்லியிருந்தார்கள்.

இவ்விடத்தில் ஒன்று தெளிவாக்குவோம். கைபேசியில் சுட்டவனும் ஐம்பொறி உயிரை மெய்யாகக் கொன்றவனும் ஒரே பாவத்திற்கு ஆளாவர் என்று நாம் கூறவில்லை. அப்படிக் கூறினால் பிள்ளைகள் நகைப்பர், நகைப்பது முறையுமாகும். திரவிய இம்சை இங்கில்லை. பாவ இம்சை எவ்வளவு என்பது அவரவர் பரிணாமத்தைப் பொறுத்தது. இம்சையில் மகிழ்வதை ரௌத்திர தியானத்தின் முதல் வகையாக ஆகமம் வைத்திருக்கிறது என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். அரசு தடுக்கட்டும் என்று பலர் இருந்துவிடுகின்றனர். 2020 செப்டம்பரில் மத்திய அரசு தடைசெய்த 118 செயலிகளுள் பப்ஜியும் ஒன்று. அன்று சொல்லப்பட்ட காரணம் தகவல் பாதுகாப்பு, கொலைக்காட்சியன்று. 2021-இல் அதனைப் படைத்த தென்கொரிய நிறுவனம் இந்தியாவுக்கென்று வேறு பெயரில் கொண்டுவந்தது. அதில் குருதியின் நிறம் பச்சையாயிற்று. பதினெட்டு வயதுக்குட்பட்டோர் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே ஆடலாமென வரம்பு வந்தது. 2022-இல் மீண்டும் நீக்கப்பட்டு 2023-இல் மீண்டும் வந்தது. சட்டம் மணிக்கணக்கைத்தான் எண்ணும், பரிணாமத்தை எண்ணாது. மேலும், அரியலூர்ப் பிள்ளைக்குத் துப்பாக்கி உடை வாங்கப் பிறந்தநாள் பரிசாகப் பணம் தந்தவர் அவன் அத்தையாம். வாள், கோடரி, தீ, சங்கிலி முதலிய கொலைக்கருவிகளைப் பிறர்க்குத் தருதலை அனர்த்த தண்டத்துள் ஹிம்சாதானம் என்று இரத்தினகரண்டகம் விலக்குகிறது. அன்பினால் தந்த அந்த அம்மையார் இதனை எண்ணியிருக்க மாட்டார். நம்முள் எத்தனை பேர் எண்ணினோம்? பேரனுக்கு அழகிய கைபேசி வாங்கித் தந்தவர்களுள் நாமும் ஒருவர்.

ஆட்டத்தை உடனே அழித்துவிடு என்று நாம் ஆணையிடவில்லை. ஆணைக்கு அஞ்சி அழித்தவன் மறுநாள் தோழன் கைபேசியில் ஆடுவான். அட்டமி, சதுர்த்தசி நாட்களில் படைக்கலத்தைத் தொடுவதில்லை. துப்பாக்கிக்கு இனி உடை வாங்குவதில்லை. இவ்விரண்டையும் அட்சய திருதியை வரை நியமமாகக் கொள்ள முடியுமா என்று மட்டும் கேட்டோம். சித்தப்பா மகன் உடனே சரியென்றான். நம் பேரன் அன்றிரவு விடை சொல்லவில்லை.

மறுநாள் அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரிக்குச் சென்றோம். 2024-இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட சரணாலயம் அது. இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகள் நீர்ப்பரப்பில் கூட்டமாக மிதந்தன. பறவை பார்க்க வந்திருந்த ஓர் ஆசிரியர் தம் தொலைநோக்கியைப் பேரனிடம் தந்தார். அவன் அதன் மேல் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, "இதுவும் எட்டு மடங்குதான் தாத்தா" என்றான். நெடுநேரம் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வாத்தின் தலையில் கறுப்புப் பட்டை இரண்டு இருப்பதைத் தம்பிக்குக் காட்டினான்.

பொழுது சாயுமுன் அரியலூர் வீட்டை அடைந்து உண்டோம். உண்டெழுந்த சற்றைக்கெல்லாம் அவன் கைபேசி ஒலித்தது. தோழர்கள் ஆட்டத்திற்கு அழைத்தனர். "இன்றைக்குச் சதுர்த்தசி, நான் வரவில்லை" என்று சொல்லி வைத்துவிட்டான்.