நானூறு குதிரைகளும் ஒரு கடிவாளமும்

வேகத்தின்மீது மனிதன் கொள்ளும் ஆசை குற்றமாகுமா? புனே நகரின் வானவடிப் பகுதியில் வாழும் தமிழ் இளைஞர் ஒருவர் நம்மிடம் கேட்ட கேள்வி இது. விடுமுறைக்குச் சொந்த ஊரான கோவைக்குச் சென்றபோது, செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நண்பரின் ஸ்போர்ட்ஸ் காரை ஒருநாள் ஓட்டிப் பார்த்தவர் அவர். அங்கே அவர் சட்டம் எதையும் மீறவில்லை. யாருக்கும் தீங்கு இழைக்கவில்லை. ஆயினும், ‘நான் செய்தது ஆசைக்கு இடங்கொடுத்தலா, ஆசையை நெறிப்படுத்துதலா?’ என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. பெரியவர்கள் சிலர் இதை ‘வீண் ஆடம்பரம்’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிடக்கூடும். வேறு சிலர் ‘இளமையில் இதெல்லாம் இயல்பு’ என்று சிரித்துக்கொண்டே விட்டுவிடக்கூடும். இரண்டுமே கேள்வியைத் தட்டிக்கழிக்கும் வழிகள்.

‘டிராக் டே’ எனப்படும் இந்நிகழ்ச்சியை அறியாத அன்பர்களுக்குச் சிறிது விளக்கம் தேவை. இது பந்தயமன்று. பந்தயப் பாதையைக் கட்டணம் செலுத்திய சிலர் ஒரு நாளுக்குப் பயன்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு. காலையில் வாகனங்களைச் சோதிப்பார்கள். தலைக்கவசம் கட்டாயம். மஞ்சள் கொடி காட்டினால் முன்னே ஆபத்து, முந்தக்கூடாது. சிவப்புக் கொடி காட்டினால் ஓட்டத்தை நிறுத்தித் திரும்பவேண்டும் என்றெல்லாம் வகுப்புப்போல் நடத்துவார்கள். பெரும்பாலும் நேர்ப்பகுதியில் மட்டுமே ஒருவர் மற்றவரை முந்தலாம். அதுவும் முன்னே செல்பவர் கையசைத்து இசைவு தந்த பிறகே. சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்ற கணக்குகூடப் பல இடங்களில் எடுக்கப்படுவதில்லை.

தமிழகத்தில் இதற்கு நீண்ட பின்னணி உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சோழவரம் விமான ஓடுதளத்தில்தான் பல ஆண்டுகள் கார்ப் பந்தயங்கள் நடைபெற்றன. பின்னர் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தனிப்பாதை அமைந்தது. செட்டிபாளையம் பாதை 2003-இல் திறக்கப்பட்டது. கோவையில் பந்தயக் கார்களை வடிவமைத்து, 1995-இல் விமான விபத்தில் மறைந்த எஸ். கரிவரதனின் பெயரை அது தாங்கி நிற்கிறது. 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் அந்நகரத்தவரே. வேகத்தை விரும்பியவர்கள் அதற்கென ஓர் இடத்தைத் தேடினார்கள் என்பதே இவ்வரலாறு. ஊர்த்தெருவைத் தங்கள் களமாக்கிக்கொள்ளாமல் வேலியிட்ட ஒரு நிலத்தை நாடியது சிறிய செயலன்று.

வானவடி அன்பர்களுக்கு இதை விளங்கவைக்க வேறோர் உதாரணம் அருகிலேயே இருக்கிறது. அங்குள்ள ‘ஷிந்தே சத்ரி’ மகாதஜி ஷிந்தேயின் நினைவிடம். 1761-ஆம் ஆண்டுப் பானிபட் போரில் காலில் பட்ட காயத்தால் வாழ்நாள் முழுவதும் நொண்டி நடந்த அவர், அதன்பின் குதிரைமீது அமர்ந்தே வடநாட்டில் மராட்டியரின் செல்வாக்கை மீட்டெடுத்தார். 1794-இல் வானவடியில் காலமானார். அப்பகுதியை ஒட்டியே புனேயின் பழைய குதிரைப் பந்தயத் திடலும் உள்ளது. குதிரையோடு பழகியவர்களுக்கு ஒன்று தெரியும்: ஓடாத குதிரையை அடக்குவதில் பெருமை ஏதுமில்லை. பாய்ந்து செல்லும் ஆற்றலுள்ள குதிரை, கடிவாளத்தின் சிறு அசைவுக்குக் கட்டுப்பட்டு நடைபோடும்போதுதான் அடக்கம் என்ற சொல்லுக்கே பொருள் கிடைக்கிறது.

இன்றும் காரின் ஆற்றலைக் ‘குதிரைத்திறன்’ என்றே அளக்கிறோம். போர்ஷே 911 போன்ற ஒரு காரில் ஏறத்தாழ நானூறு குதிரைத்திறன் உண்டு. கடோபநிஷதம் உடலைத் தேராகவும், புத்தியைச் சாரதியாகவும், மனத்தைக் கடிவாளமாகவும், புலன்களைக் குதிரைகளாகவும் உருவகித்தது. அந்தத் தேருக்கு ஐந்தே குதிரைகள்! ஐந்தைக் கட்டுவதே அத்தனை கடினமென்றால் நானூறைப் பற்றி என்ன சொல்வது? ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். குதிரைகளை அவிழ்த்துத் துரத்திவிடு என்று அந்த உபநிஷதம் கூறவில்லை. குதிரைகள் இல்லாத தேர் எங்கும் சென்று சேராது.

பந்தயப் பாதைக்குச் செல்லும் புதியவர் முதலில் கற்றுக்கொள்வது வேகமாகச் செல்வதை அன்று, நிறுத்துவதை. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கிறது. வேகம் இருமடங்கானால், பிரேக்கை மிதித்தபின் வண்டி நிற்பதற்கான தூரம் நான்கு மடங்காகிறது. பள்ளியில் படித்த இயற்பியல்தான். ஆனால் நேர்ப்பாதையின் முடிவில் வளைவு தம்மை நோக்கிப் பாய்ந்து வருவதைக் காணும்போதுதான் அது உடலுக்குப் புரிகிறது. டயருக்கும் தரைக்கும் இடையிலுள்ள பிடிப்பு அளவுக்குட்பட்டது. அதை முழுவதும் பிரேக்குக்குச் செலவிட்டால் திரும்புவதற்கு மிச்சம் இராது. முழுவதும் திரும்புவதற்குச் செலவிட்டால் பிரேக்குக்கு இராது. ஆகவே நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட்டு, பிறகு திரும்பவேண்டும். பார்வையைப் பற்றியும் ஒன்று சொல்லித் தருவார்கள்: எதைப் பார்க்கிறாயோ அங்கேதான் வண்டி செல்லும், சுவரை அஞ்சிச் சுவரையே பார்த்தால் சுவரில்தான் போய் முட்டுவாய். தியானம் பழகுகிறவர்களுக்கு இந்தப் பாடம் புதிதாக இராது.

பழைய, சிறிய காரை வைத்திருப்பவர் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் செல்வது அடக்கமா, இயலாமையா? அவர் மனத்தை யார் அறிவார்! கோபப்படத் தெம்பில்லாதவனின் அமைதியைப் பொறுமை என்று நாம் கொண்டாடுவதில்லை. தம் வண்டி எவ்வளவு வேகத்துக்குப் போகும் என்பதை அனுபவத்தில் அறிந்த ஒருவர், வானவடியின் நெரிசலான சாலையில் ஆட்டோவுக்கும் பள்ளிப் பேருந்துக்கும் பின்னால் பொறுமையாக ஊர்ந்து செல்கிறாரே, அதில்தான் ஒரு சாதனை இருக்கிறது. இந்தக் கோணத்தில் பார்த்தால் டிராக் டே ஒரு பயிற்சிக்கூடம் என்று முடிவு கட்டிவிடத் தோன்றும்.

அவசரப்பட வேண்டாம். நார்வே நாட்டில் இளம் ஓட்டுநர்களுக்கு வழுக்கும் தரையில் வண்டியைக் கட்டுப்படுத்தும் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. விபத்து குறையும் என எதிர்பார்த்தார்கள். பயிற்சிக்குப்பின் இளைஞர்களிடையே வழுக்குச் சாலை விபத்துகள் கூடியிருந்ததையே 1980-களின் ஆய்வு காட்டியது. ஸ்வீடனில் 1996-இல் வெளியான ஓர் ஆய்வு இதன் காரணத்தைத் தொட்டது. ஒரு குழுவுக்குத் திறமை கற்பிக்கப்பட்டது. மற்றொரு குழுவுக்கு, ‘உன் திறமை போதாமல் போகும் இடம் இது’ என்று உணர்த்தப்பட்டது. பின்னர்ச் சோதித்தபோது ஓட்டும் திறனில் இரு குழுக்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. முதற்குழுவினர் மட்டும் தங்களைப் பற்றி உயர்வாக எண்ணிக்கொண்டிருந்தனர். திறமை வளராமல் செருக்கு மட்டும் வளர்ந்திருந்தது!

எனவே கேள்வி பாதையைப் பற்றியதன்று. அங்கு செல்பவர் எதைத் தேடிச் செல்கிறார் என்பதைப் பற்றியது. எல்லையைச் சந்திக்கச் செல்கிறாரா, எல்லை தமக்கில்லை என்று நிரூபிக்கச் செல்கிறாரா? முன்னவர் மாலையில் சற்றே பணிவோடு திரும்புவார். பின்னவருக்கு அந்தப் பாதை போதாது, ஊர்ச்சாலையும் வேண்டும்.

அப்படி ஊர்ச்சாலையும் வேண்டியிருந்ததன் விலையைப் புனே நகரம் அறியும். வானவடியிலிருந்து ஆற்றைக் கடந்தால் சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளது கல்யாணி நகர். 2024 மே 19 அதிகாலையில் அங்கே ஒரு போர்ஷே கார் மோதி, மோட்டார் சைக்கிளில் சென்ற 24 வயதுப் பொறியாளர்கள் இருவர் உயிரிழந்தனர். காரை ஓட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு வயது 17. சில மணி நேரத்தில் அவருக்குப் பிணை கிடைத்தது. விபத்தைப் பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுதவேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. நாடே கொதித்தது, அந்த உத்தரவும் சில நாட்களில் மாற்றப்பட்டது. யார் எவ்வளவு குற்றவாளி என்று கூறுவது நீதிமன்றத்தின் பணி, நம்முடையதன்று. ஆனால் அந்த முந்நூறு சொற்கள் நமக்கு ஒரு பழைய கதையை நினைவூட்டுகின்றன.

திருவாரூர்த் தெருவில் இளவரசனின் தேர்ச்சக்கரத்தில் ஒரு பசுங்கன்று அகப்பட்டு மாண்டது. பெரியபுராணம் கூறுகிறபடி, இளவரசன் கொடியவனல்லன். அவன் அறியாமலே நேர்ந்தது அது. அமைச்சர்களும் நூல்களைப் புரட்டி ஒரு பிராயச்சித்தம் சொன்னார்கள். மனுநீதிச் சோழன் அதை ஏற்கவில்லை. குடிகளுக்குத் தன்னாலும் தன்னைச் சார்ந்தவர்களாலும் வரும் அச்சத்தையும் நீக்குவதே அரசன் கடமை என்று அவன் கருதினான். பிள்ளைகளைத் தேர்க்காலில் இடவேண்டும் என்பதற்காக நாம் இக்கதையைச் சொல்லிவரவில்லை. மற்றவர் வீட்டுப் பிள்ளை அதைச் செய்திருந்தால் என்ன தண்டனை அளிப்போமோ, அதைவிடக் குறைவானதைத் தன் பிள்ளைக்குக் கேட்கக்கூடாது என்ற ஒரு தந்தையின் உறுதிதான் அதன் உயிர். விலையுயர்ந்த காரின் சாவியைப் பதினேழு வயதில் மகனிடம் கொடுக்கும் எந்த வீட்டிலும் முதலில் அசைந்துபோவது அந்த உறுதியே.

இங்கேதான் பாதைக்கும் தெருவுக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகிறது. பாதையில் இறங்கும் ஒவ்வொருவரும் ஆபத்தை அறிந்து, கையொப்பமிட்டு, தாமே விரும்பி இறங்குகிறார்கள். அங்கே பணயம் வைக்கப்படுவது அவரவர் உயிர். தெருவில் செல்பவர்கள் எதிலும் கையொப்பமிடவில்லை. பால் வாங்கச் செல்லும் மூதாட்டியும், இரவு வேலை முடிந்து திரும்பும் தொழிலாளியும் நம் களிப்புக்குத் தங்கள் உயிரைப் பணயமாகத் தரச் சம்மதிக்கவில்லை. அவர்களைக் கேளாமலே நாம் எடுத்துக்கொள்கிறோம். இதைக் களவு என்றே சொல்லவேண்டும். அஸ்தேயத்தை, அதாவது கள்ளாமையைப் பற்றிப் பேசும்போது பொன்னையும் பொருளையும் மட்டுமே எண்ணுவது நம் குறை. மத்திய அரசின் அறிக்கைப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களில் பத்துக்கு ஏழு பேரின் மரணத்துக்கு மிகைவேகமே காரணமாகக் குறிக்கப்பட்டுள்ளது. இவற்றில் மிகப் பெரும்பாலானவை நானூறு குதிரைத்திறன் கொண்ட கார்களால் நிகழ்ந்தவை அல்ல என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும். இந்தக் களவுக்கு ஸ்போர்ட்ஸ் கார் தேவையில்லை, ஸ்கூட்டரே போதும்.

செலவைப் பற்றி ஒரு சொல். ஒரே நாளில் தேய்ந்துபோகும் டயர்களின் விலையில் ஓர் ஏழை மாணவனின் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், பதில் சொல்லாமல் நழுவ முடியாது. ஆனால் அதே கேள்வி நம் திருமண விருந்துகளுக்கும் பட்டுப்புடவைகளுக்கும் பொருந்தும். பிறருடைய ஆடம்பரம் மட்டும் நம் கண்ணை உறுத்துவதில் கொஞ்சம் பொறாமையும் கலந்திருக்கலாம். செலவு செய்கிறவர், அதே மாதத்தில் மற்றவர்களுக்காகச் செலவிட்டது எவ்வளவு என்று தம் கணக்குப் புத்தகத்தைத் தாமே திறந்து பார்த்துக்கொள்ளட்டும்.

அந்த இளைஞருக்கும் அவரைப் போன்றோருக்கும் சொல்லவேண்டியது இன்னும் ஒன்றுண்டு. அது கவனிக்கப்படாமல் போகும் ஒரு சிறு விஷயம். நெடுநேரம் மிகுந்த வேகத்தில் சென்றபின் கண்ணும் காதும் அதற்கே பழகிவிடுகின்றன. எண்பது கிலோமீட்டரில் செல்லும்போது நாற்பதில் செல்வதுபோல் தோன்றும். புலன்கள் இப்படி ஏமாற்றும் என்பது ஓட்டுநர் பயிற்சி அளிப்போர் நன்கறிந்த செய்தி. ஆகவே பந்தயப் பாதையின் வாயிலிலிருந்து நெடுஞ்சாலை வரையிலான முதல் அரைமணி நேரம், பாதைக்குள் கழித்த நாள் முழுவதையும்விட ஆபத்தானதாக ஆகிவிடக்கூடும். கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி, கொதிக்கும் பிரேக்குகளைக் காற்றில் ஆறவிட்ட பிறகே காரை நிறுத்துவது அங்குள்ள வழக்கம். ஓட்டியவருக்கும் அதே ஆறுதல் நேரம் தேவை. அனுபவமுள்ள சிலர் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு ஒரு மணி நேரமாவது நிழலில் அமர்ந்து தேநீர் அருந்திய பிறகுதான் புறப்படுகிறார்கள். வேறு சிலர், திரும்பும் பயணத்தில் சாவியைத் தம்முடன் வந்த இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்து இருக்கையில் அமர்ந்துகொள்கிறார்கள்.