ஓர் அவுன்ஸ் தேயிலை

உதவி செய்கிறவன் அந்த உதவியில் வேண்டுமென்றே கொஞ்சம் கசப்பைக் கலந்து கொடுக்கலாமா? கேட்டவுடனே 'கூடாது' என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் கலந்துதான் கொடுக்க வேண்டும் என்று யோசித்து, விவாதித்து, சட்டமாகவே எழுதி வைத்தவர்கள் உண்டு. அவர்கள் கொடியவர்கள் அல்லர். படித்தவர்கள், நாணயமானவர்கள், ஊரில் நல்ல பெயர் எடுத்தவர்கள். அதனால்தான் அவர்களைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது. கொடியவன் கொடுமை செய்வதில் யோசிக்க என்ன இருக்கிறது?

இங்கிலாந்தில் 1834-ம் வருஷம் வந்த ஏழைகள் சட்டத்தைத்தான் சொல்கிறேன். அதற்கு முன் இருநூறு வருஷங்களுக்கு மேலாக, அந்த நாட்டில் ஒவ்வொரு பாரிஷும் தன் எல்லைக்குள் இருக்கிற ஏழைகளுக்கு வரிப் பணத்திலிருந்து படியளந்து வந்தது. முதலாவது எலிசபெத் ராணி காலத்து ஏற்பாடு அது. 1830-க்குப் பிறகு அந்தச் செலவு வருஷத்துக்கு ஏறக்குறைய 70 லட்சம் பவுனுக்கு வந்து நின்றது. வரி கட்டினவர்கள் எல்லோரும் பிரபுக்களா? சின்னக் கடைக்காரனும் கட்டினான். குத்தகைக்கு உழுதவனும் கட்டினான். அவர்கள் முணுமுணுத்ததில் குற்றம் காண எனக்கு மனம் வரவில்லை.

நாஸோ ஸீனியர் என்ற பொருளாதாரப் பேராசிரியரும் எட்வின் சாட்விக் என்ற வழக்கறிஞரும் முன்னின்று ஓர் அறிக்கை எழுதினார்கள். அதன் உயிர்நாடி ஒரே ஒரு கொள்கை: சர்க்கார் சோற்றில் வாழ்கிறவனுடைய நிலை, சொந்த உழைப்பில் பிழைக்கும் மிக ஏழையான கூலிக்காரனின் நிலையைவிட ஒரு படி கீழாகவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எவன் உழைப்பான்? ஆகவே, உதவி வேண்டுமென்றால் 'வொர்க் ஹவுஸ்' என்ற விடுதிக்குள் வந்து அடைந்து கிட. வரச் சம்மதிக்கிறவன்தான் உண்மையான ஏழை. வீட்டு வாசலே பரீட்சை மண்டபம்.

உடம்பில் வலுவுள்ள ஒரு சோம்பேறியை நினைத்துக்கொண்டு பார்த்தால் இந்தக் கொள்கையில் ஒரு நியாயம் இருப்பது போலத்தான் தெரிகிறது. ஆனால் எழுபத்தைந்து வயதுக் கிழவியை அதே வாசலில் நிறுத்திப் பாருங்கள். விடுதிக்குப் பயந்து ஒருவன் சோம்பலை விடலாம். முதுமையை எப்படி விடுவான்? கண் மறைக்கிறது, முழங்கால் மடங்கவில்லை என்பவனை எந்தத் தண்டனையைக் காட்டி மிரட்டித் திருத்துவது?

அறிக்கை எழுதினவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. முதியவர்களும் நோயாளிகளும் ஒரு வீட்டில், குழந்தைகள் ஒரு வீட்டில், வலுவுள்ள ஆண்கள் ஒரு வீட்டில், பெண்கள் ஒரு வீட்டில் என்று தனித்தனியாக வைக்க வேண்டும் என்றே எழுதினார்கள். முதியவர்கள் பிறருடைய இரைச்சல் இல்லாமல், தங்கள் சின்னச் சின்னச் சுகங்களோடு இருக்கட்டும் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் நாலு வீடு கட்ட வேண்டிய இடத்தில் ஒரே பெரிய வீடாகக் கட்டினால் செலவு மிச்சம் அல்லவா? பல ஊர்களிலும் அப்படித்தான் நடந்தது. ஒரே சமையலறை, ஒரே மேலதிகாரி, ஒரே மதில். சோம்பேறிக்காகச் செய்த கசப்பு மருந்தை எல்லோரும் குடித்தார்கள். கல் நெஞ்சம் செய்யாததைக் கொத்தனார் கணக்கு செய்து முடித்தது.

நாட்டிங்காம்ஷயரில் ஸௌத்வெல் என்ற ஊரில் அப்படி ஒரு விடுதி இன்னும் நிற்கிறது. 1824-ல் பெக்கர் என்ற பாதிரியார் திட்டமிட்டுக் கட்டியது. பின்னால் வந்த சட்டத்துக்கே முன்மாதிரி. இப்போது அது காட்சிசாலை. முதியவர்களையும் நோயாளிகளையும் 'குற்றமற்றவர்கள்' என்று தனி வகையாகவே பிரித்திருந்தார்கள். அவர்களுக்குத் தனி முற்றம், தனிப் படிக்கட்டு. குற்றமற்றவர்கள் என்று தெரிந்தே, நடுவில் இருக்கும் அதிகாரியின் ஜன்னல் எல்லா முற்றங்களையும் பார்க்கும்படி கட்டினார்களே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

உள்ளே வருகிறவர் முதலில் தம் துணிகளைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். குளிப்பாட்டி விடுதியின் உடுப்பைக் கொடுப்பார்கள். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம். நாற்பது வருஷம் ஒன்றாகக் குடித்தனம் செய்தவர்கள் ஒரே கூரையின் கீழ் தனித்தனி மதிலுக்குள் இருந்தார்கள். தம்பதிகள் இருவருக்கும் அறுபது வயது தாண்டியிருந்தால் அவர்களைக் கட்டாயமாகப் பிரிக்கக்கூடாது என்று 1847-ல்தான் ஒரு திருத்தம் வந்தது. அதற்கு வேண்டிய அறைகளைக் கட்டச் சட்டத்துக்குக் கை நீளவில்லை.

சாப்பாட்டு அட்டவணை ஒன்று உண்டு. எல்லாம் அவுன்ஸ் கணக்கு. காலையில் ரொட்டியும் கஞ்சியும். 1836-ம் வருஷத்து அட்டவணையின் அடியில் ஒரு குறிப்பு இருக்கிறது. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் காலைக் கஞ்சிக்குப் பதிலாக வாரத்துக்கு ஓர் அவுன்ஸ் தேயிலை, ஐந்து அவுன்ஸ் வெண்ணெய், ஏழு அவுன்ஸ் சர்க்கரை கொடுக்கலாம், உசிதமென்று தோன்றினால். கதை எழுதுகிறவனுக்கு அந்தக் கடைசி வார்த்தை போதும். ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, கிழவிகளுக்குத் தேநீர் உசிதமா என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் யோசிக்கிற காட்சி கண்ணுக்கு முன் வந்து நிற்கிறது. அவர்கள் பெரும்பாலும் 'சரி, கொடுக்கலாம்' என்றே சொல்லியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். கொடுத்தார்களா இல்லையா என்பதல்ல விஷயம். ஒரு மிடறு தேநீருக்காக ஒரு கிழவி பிறர் உசிதத்தைப் பார்த்து நிற்க வேண்டியிருந்தது.

நோயுற்றவர்களின் பாடு இன்னும் மோசம். அவர்களைப் பார்த்துக்கொண்டதும் அதே விடுதியின் ஏழைக் கிழவிகள்தான். சம்பளம் கிடையாது, கொஞ்சம் அதிகச் சாப்பாடும் பீரும் கிடைக்கும். மருந்துச் சீட்டைப் படிக்கத் தெரியாதவர்கள் பலர். 1865-ல் 'லான்ஸெட்' என்ற வைத்தியப் பத்திரிகை லண்டன் விடுதிகளைப் பார்த்துவர டாக்டர்களை அனுப்பி, அவர்கள் கண்டதை அச்சிட்டது. அதே வருஷம் லிவர்பூல் விடுதிக்கு, நைட்டிங்கேல் அம்மையாரின் முறையில் பயின்ற நர்ஸுகளோடு ஆக்னஸ் ஜோன்ஸ் போனாள். மூன்று வருஷத்தில் டைபஸ் காய்ச்சலில் இறந்துபோனாள், வயது முப்பத்தைந்து.

செத்தாலும் தீரவில்லை. 1832-ல் வந்த ஒரு சட்டப்படி, விடுதியில் இறந்தவரின் உடலைக் கேட்டு யாரும் வராவிட்டால் அதை வைத்திய மாணவர்கள் அறுத்துப் படிக்கக் கொடுத்துவிடலாம். பசித்தாலும் விடுதிக்குப் போகமாட்டேன் என்று கிழவர்கள் பிடிவாதம் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, வெள்ளைக்காரனுக்கு ஈரமில்லை, நாமென்றால் பெரியவர்களைத் தெய்வமாக வைத்திருப்போம் என்று மார் தட்டிக்கொள்ள வேண்டாம். கூடத்தில் எல்லோருக்கும் இலை போட்டு, தாத்தாவுக்கு மட்டும் திண்ணையில் தனித் தட்டு வைத்த குடும்பங்களை நாம் பார்த்ததில்லையா? நம் வீட்டிலும் ஓர் உசிதக் கமிட்டி உண்டு, மேஜைதான் கிடையாது.

சென்னையிலும் ஒரு பழைய தர்ம ஸ்தாபனம் இருக்கிறது. 1782-ல், பஞ்ச காலத்தில், ராயபுரத்துப் பக்கம் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம் மணியக்காரர் சத்திரம். பின்னால் அங்கே வைத்தியமும் நடந்தது. அதன் வழியில் வளர்ந்ததுதான் ஸ்டான்லி ஆஸ்பத்திரி. ஜனங்கள் அதைத் தலைமுறை தலைமுறையாகக் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்றார்கள். பெருமையான பெயர் அல்ல. ஆனால் அங்கே என்ன கிடைக்கும் என்று அது சொல்கிறது. 'வொர்க் ஹவுஸ்' என்ற பெயரோ, வருகிறவனிடம் என்ன வசூலிக்கப்படும் என்று சொல்கிறது. இரவச்சம் என்று ஓர் அதிகாரமே வைத்த வள்ளுவருக்கு இந்த வித்தியாசம் புரிந்திருக்கும்.

1908-ல் இங்கிலாந்தில் முதியோர் பென்ஷன் சட்டம் வந்தது. 1909 ஜனவரி முதல் தேதி தொடங்கி, எழுபது வயதான ஏழைகளுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை, தபாலாபீஸில். ஐந்து ஷில்லிங்கில் யாரும் ராஜபோகமாக வாழ்ந்துவிட முடியாது. ஆனால் துணியைக் கழற்றச் சொல்லவில்லை, பெண்டாட்டியைப் பிரிக்கவில்லை. ஸ்டாம்பு வாங்குகிறவர்களோடு வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அதிலும் பழைய வாசனை முழுக்கப் போய்விடவில்லை. ஏழைகள் சட்டப்படி சமீபத்தில் உதவி வாங்கியவர்களுக்கு 1910 முடியும் வரை பென்ஷன் இல்லை என்று ஒரு விதி. மிகவும் ஏழையாக இருந்ததற்கு அபராதம்!

இருந்தாலும் எதுவோ மாறித்தான் இருந்தது. தேசம் திடீரென்று கருணை மிகுந்ததாகிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. கேள்வி மாறியது. 'எவ்வளவு அவமானம் தாங்குவாய்?' என்று கேட்ட இடத்தில் 'உனக்கு வயதென்ன, வருமானமென்ன?' என்று கேட்டார்கள். ஏமாற்றுக்காரன் ஒருவன் உள்ளே வந்துவிடுவானே என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் அவனைத் தடுக்க வைத்த வேலியில் கிழிபட்டவர்கள் யார் என்பதை எழுபது வருஷமாக எந்தக் கணக்கிலும் எழுதவில்லை.

1930-ல் விடுதிகளின் பெயரை மாற்றினார்கள். 1948-ல் ஏழைகள் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். கட்டடங்களை எங்கே கொண்டுபோவது? பல, ஆஸ்பத்திரிகளாயின; பல, முதியோர் இல்லங்களாயின. பீட்டர் டௌன்ஸெண்ட் என்ற ஆராய்ச்சியாளர் 173 இல்லங்களைச் சுற்றிப் பார்த்து 1962-ல் ஒரு புத்தகம் எழுதினார். அவற்றில் பழைய விடுதிகளும் இருந்தன. பெரிய கூடங்களில் முதியவர்கள் பொழுது போகாமல் உட்கார்ந்திருந்ததை அவர் கண்டார். புதுச் சுண்ணாம்பு அடித்து, புதுக் கட்டில் போட்டு, நல்ல டாக்டர்களை வைத்த பிறகும், அந்த வட்டாரத்து வயோதிகர்கள் சிலர் ஆம்புலன்ஸில் ஏற மறுத்தார்கள். எந்தக் கட்டடத்துக்கு, எந்த வாசல் வழியாக என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது அவர்களுக்கு.